ஆமை புகுந்த விஎம்: வீட்டுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 எப்படி?

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், நிறுவப் பத்து நிமிடம் போதும். இதையெல்லாம் எந்த விமர்சனத்திலும் படித்துவிடலாம். வீட்டில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்பது வேறு இடத்தில். உள்ளே ஓடிக்கொண்டிருந்த விஎம் திடீரென்று உறைந்துவிடும். மவுஸ் நகராது, உள்ளே இருக்கும் கடிகாரம் நின்ற நிமிடத்திலேயே நிற்கும், சன்னலை மூடப் போனால் அதுவும் மூடாது. அந்த நேரத்தில் இந்த மென்பொருள் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை வைத்துத்தான் 7.0, 7.1, 7.2 பதிப்புகளை இங்கே எடைபோடுகிறோம். உறைவுக்கான காரணத்தை விர்ச்சுவல்பாக்ஸ் பெரும்பாலும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஆனால் அதை யாரும் பார்க்காத மூலையில் ஒரு சிறு படமாகவும், யாரும் திறக்காத ஒரு கோப்பில் ஒரு வரியாகவும் சொல்கிறது. எங்கள் பாராட்டும் குறையும் இரண்டுமே இதுதான்.

பூர்வீகம் சுருக்கமாக: ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் வெளியிட்டது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. அடிப்படைத் தொகுப்பு திறமூலம். கூடுதல் வசதிகளுக்காகத் தனியாக இறக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டும் இலவசம் என்பதால் அலுவலகக் கணினியில் போட்டு வம்பில் மாட்டாதீர்கள். யுஎஸ்பி 2, 3 வசதிகள் 7.0 முதல் அடிப்படைத் தொகுப்புக்கே வந்துவிட்டதால் வீட்டில் பலருக்கு அந்தப் பேக் தேவையே இல்லை.

இனி, கணினியின் சொந்த இயங்குதளத்தை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வோம்.

உறைந்ததா, உறைந்ததுபோல் இருக்கிறதா?

பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். கெஸ்ட் சன்னலுக்குள் ஒருமுறை கிளிக் செய்தால் மவுஸையும் விசைப்பலகையையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். விடுவிக்க ஹோஸ்ட் கீ எனப்படும் வலது கன்ட்ரோல் விசையைத் தட்ட வேண்டும். சிறிய லேப்டாப்கள் பலவற்றில் வலது கன்ட்ரோலே கிடையாது! அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் விஎம் தொடங்கும் முன்பே ப்ரிஃபரன்ஸஸ் பகுதியில் இன்புட் தலைப்புக்குப் போய் ஹோஸ்ட் கீயை வேறொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். நிறுவும்போதே இதைக் கேட்டுவிட்டால் என்ன என்று ஒவ்வொரு பதிப்பிலும் தோன்றுகிறது.

ஹோஸ்ட் கீயுடன் பி விசையைத் தட்டினால் விஎம் பாஸ் ஆகும். தவறுதலாகத் தட்டியிருந்தால் சன்னல் மங்கி அசையாமல் நிற்கும், மறுபடி அதையே தட்டினால் ஓடும். கெஸ்ட் லினக்ஸ் என்றால் ஹோஸ்ட் கீயுடன் எஃப்3 தட்டிப் பாருங்கள். உள்ளே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதற்குச் சமம் அது. கருப்புத் திரையில் லாகின் கேட்டால் கெஸ்ட் உயிரோடு இருக்கிறது, விழுந்தது அதன் டெஸ்க்டாப் மட்டும் என்று பொருள். விண்டோஸ் கெஸ்ட்டுக்கு ஹோஸ்ட் கீயுடன் டெலீட் தட்டினால் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் உள்ளே போகும். திரையில் அதற்கான மெனு வந்தால் அதே முடிவுக்கு வரலாம்.

எதற்கும் அசையவில்லையா? ஹோஸ்டின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் என்ற ப்ராசஸ், கெஸ்ட்டுக்குக் கொடுத்த கோர் எண்ணிக்கைக்குத் தக்க அளவு சிபியுவைத் தின்றுகொண்டே இருந்தால் (8 த்ரெட் உள்ள கணினியில் ஒரு கோர் கொடுத்திருந்தால் ஏறத்தாழ 12.5%) கெஸ்ட் உள்ளே ஏதோ சுழலில் மாட்டியிருக்கிறது. சிபியு சும்மா இருந்து, வட்டு மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ஹோஸ்டுக்கு ரேம் போதவில்லை, அல்லது வட்டு ஈடுகொடுக்கவில்லை. இரண்டும் அமைதியாக இருந்தால் சந்தேகம் கிராஃபிக்ஸ் பக்கம் திரும்ப வேண்டும்.

கீழ் மூலையில் பச்சை ஆமை

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸை எழுதியவர்கள் இதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் சரியான பிராணியைத்தான் பிடித்திருக்கிறார்கள். விஎம் ஓடும் சன்னலின் அடிப்பட்டையில், வலது பக்கம் சிறுசிறு ஐகான்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று சிப் வடிவத்தில் நீலமாக, நடுவே வி எழுத்தோடு இருந்தால் எல்லாம் நலம். அதே இடத்தில் பச்சை ஆமை இருந்தால் உங்கள் விஎம் உறைவதற்கும் இழுப்பதற்கும் காரணம் அநேகமாக அதுதான்.

நடப்பது இது. இன்டெல்லின் விடி-எக்ஸ், ஏஎம்டியின் ஏஎம்டி-வி என விஎம் ஓட்டுவதற்காகச் சிபியுவிலேயே இருக்கும் வன்பொருள் வசதிகளை ஒரு நேரத்தில் ஒரே ஹைப்பர்வைசர்தான், அதாவது விஎம்களை ஓட்டும் ஒரே மென்பொருள்தான், நேரடியாகக் கையாள முடியும். விண்டோஸின் ஹைப்பர்-வி கணினி தொடங்கும்போதே அதைக் கைப்பற்றிவிடுகிறது. பின்னால் வரும் விர்ச்சுவல்பாக்ஸ் வேறு வழியின்றி ஹைப்பர்-வியிடம் கேட்டு வாங்கி வேலைசெய்ய வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றுவழியில் விஎம் ஓடும், ஆனால் மெதுவாக. சில கெஸ்ட்கள் தொடங்கும்போதே நின்றுவிடும், சில இரண்டு கோருக்கு மேல் கொடுத்தால் தடுமாறும். லாக் கோப்பும் (விஎம் ஓடும்போது நடப்பதை விர்ச்சுவல்பாக்ஸ் குறித்துவைக்கும் கோப்பு, இருக்குமிடம் கடைசியில்) இதை வெளிப்படையாக எழுதிவைக்கிறது. அங்கே மட்டும் ஆமைக்குப் பதில் நத்தை! நத்தைக்கான ஆங்கிலச் சொல்லை லாக்கில் தேடினால் அந்த வரி கிடைக்கும்.

“எங்கள் வீட்டில் ஹைப்பர்-வி போடவே இல்லையே” என்பார்கள். போட வேண்டியதில்லை. டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ்), டாக்கர் டெஸ்க்டாப் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டுவது), விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் இவற்றில் எதைப் போட்டாலும் அந்த அடித்தளம் எழுந்துவிடும். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11இல், வன்பொருள் பொருந்தினால், மெமரி இன்டெக்ரிட்டி எனும் பாதுகாப்பு முன்னிருப்பாகவே இயங்கும். அதற்கும் அடியில் இருப்பது ஹைப்பர்-விதான். ஹோம் பதிப்பிலும் இதே கதை.

ஆமையை விரட்ட மூன்று இடங்களைத் தொட வேண்டும். ஒன்று, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன்: அங்கே மெமரி இன்டெக்ரிட்டியை அணையுங்கள். இரண்டு, கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியல்: ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், சேண்ட்பாக்ஸ் நான்கின் டிக்கையும் எடுங்கள். மூன்று, நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையால் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் என்ற அமைப்பை ஆஃப் என்று மாற்றுங்கள். பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதை நம்ப வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் கெர்னல் முழுதாக அணைவதில்லை, பழைய நிலையே திரும்ப எழுந்து வரும். சரிபார்க்க சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தின் அடியில் பாருங்கள். ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்ற வரி இன்னும் இருந்தால் எங்கோ ஒன்று மிச்சமிருக்கிறது.

இதற்கு விலை உண்டு. மெமரி இன்டெக்ரிட்டி போனால் தீய டிரைவர்களைத் தடுக்கும் ஒரு வேலி போகிறது. டபிள்யூஎஸ்எல் 2வும் டாக்கரும் ஓடாது. அவை வேண்டும்போது எடுத்த டிக்குகளைத் திரும்பப் போட்டு, அதே அமைப்பை ஆட்டோ என்று திருப்பி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தினமும் டாக்கரைத் தொடுகிறவர்களுக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது. இந்தச் சிக்கல் விர்ச்சுவல்பாக்ஸின் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆமை ஐகானைக் கிளிக் செய்தால் காரணத்தையும் வழியையும் நான்கு வரியில் காட்டியிருக்கலாம். இத்தனை பதிப்புகள் வந்தும் அதைச் செய்யாததற்கு ஒரு மதிப்பெண் குறைக்கிறோம்.

லினக்ஸ் ஹோஸ்டில் இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். கெர்னல் 6.12 முதல் கேவிஎம் (லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசர்) மாட்யூல் ஏறியவுடனேயே விடி-எக்ஸை எடுத்துக்கொள்வதால் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம் தொடங்கவே மறுக்கலாம். இன்டெல் என்றால் கேவிஎம் இன்டெல், ஏஎம்டி என்றால் கேவிஎம் ஏஎம்டி மாட்யூலைக் கெர்னலிலிருந்து இறக்கிவிட்டால் போதும்.

ரேமும் கோரும்

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே மூன்று, நான்கு ஜிபி வேண்டும். அதற்குள் இன்னொரு விண்டோஸ் 11 போட்டால் அதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி. மிச்சத்தில் ப்ரௌசரில் பத்து டேப் திறந்தால் ஹோஸ்ட் வட்டுக்கும் ரேமுக்கும் இடையே பக்கங்களை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருக்கும். கெஸ்ட் உறைந்ததுபோல் தெரிவது இந்தத் தள்ளுமுள்ளில்தான். அமைப்புகளில் ரேம் ஸ்லைடரின் பச்சைப் பகுதிக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அந்தப் பச்சை மொத்த ரேமை வைத்துப் போட்டது, இந்த நிமிடம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. 8 ஜிபி கணினிக்கு எங்கள் கணக்கு: எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான டெஸ்க்டாப் உள்ள லினக்ஸ் கெஸ்ட்டுக்கு 2 ஜிபி, அதற்கு மேல் வேண்டாம். விண்டோஸ் 11 கெஸ்ட் வேண்டுமென்றால் முதலில் ஹோஸ்டை 16 ஜிபி ஆக்குங்கள்.

கோர் விஷயத்தில் கொடைவள்ளல் ஆகாதீர்கள். 4 கோர், 8 த்ரெட் உள்ள கணினியில் கெஸ்ட்டுக்கு 8 கொடுத்தால் வேகம் கூடாது, குறையும். கெஸ்ட் தன் கோர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதாக நம்பிக்கொண்டு ஒன்றுக்காக மற்றொன்றைக் காத்திருக்க வைக்கும். ஹோஸ்டோ அவற்றில் இரண்டைத் தன் வேலைக்காக நிறுத்திவைத்திருக்கும். லினக்ஸ் கெஸ்ட்டில் சாஃப்ட் லாக்கப், சிபியு 22 விநாடி மாட்டிக்கொண்டது என்ற செய்தி வருவதும், விண்டோஸ் கெஸ்ட்டில் க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட் என்ற நீலத்திரை வருவதும் இப்படித்தான். த்ரெட்களைக் கணக்கில் சேர்க்காமல், உண்மையான கோர்களில் பாதியை மட்டும் கொடுங்கள். 4 கோர் கணினிக்கு 2. ஒன்றுக்கு மேல் கொடுத்தால் விஎம் அமைப்புகளில் ஐ/ஓ ஏபிக் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டு வீங்கும், மெலியாது

கெஸ்ட்டின் வட்டு என்பது ஹோஸ்டில் ஒரு விடிஐ கோப்புதான். டைனமிக் வட்டு என்று உருவாக்கும் விடிஐ கோப்பு தேவைக்கேற்ப வளரும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே சுருங்காது. ஹோஸ்டின் வட்டு நிரம்பிய கணத்தில் விஎம் அப்படியே பாஸ் ஆகிவிடும். இதை விர்ச்சுவல்பாக்ஸ் அழகாகக் கையாள்கிறது என்று சொல்லியாக வேண்டும். கெஸ்ட்டைக் கொல்லாமல் நிறுத்திவைத்து, ஹோஸ்டில் இடமில்லை, இடம் ஏற்படுத்திவிட்டுத் தொடருங்கள் என்று செய்தி காட்டுகிறது. இடம் செய்துவிட்டு ஹோஸ்ட் கீயுடன் பி தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. இந்த நேரத்தில் பதறி பவர் ஆஃப் கொடுப்பதுதான் சேதம். எஃப்ஏடி32 வடிவில் உள்ள பென்டிரைவில் விடிஐ வைத்திருந்தால் கோப்பு 4 ஜிபியைத் தொட்டதும் இதே கதை நடக்கும், டிரைவில் எவ்வளவு இடம் காலி இருந்தாலும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள்.

சுருக்க வேண்டுமென்றால் முதலில் கெஸ்ட்டுக்குள் காலி இடத்தைச் சுழியத்தால் நிரப்ப வேண்டும். விண்டோஸில் எஸ்டெலீட் கருவியை இசட் விருப்பத்துடன், லினக்ஸில் ஜீரோஃப்ரீ. பிறகு கெஸ்ட்டை அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸுடன் வரும் விபாக்ஸ்மேனேஜ் என்ற கட்டளைக் கருவியின் மாடிஃபைமீடியம் கட்டளையில் காம்பாக்ட் விருப்பம். நிரப்பும்போது விடிஐ தன் முழு அளவுக்கு வீங்கிவிட்டுத்தான் சுருங்கும் என்பதால் ஹோஸ்டில் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்கள் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பத்திரப்படுத்தியவை) இருந்தால் இந்த வேலை எதிர்பார்த்தபடி நடக்காது. ஸ்னாப்ஷாட்டை அழிப்பது என்பது உண்மையில் இரண்டு கோப்புகளை ஒன்றாக இணைப்பது. அரை மணி நேரம்கூட ஆகலாம். முன்னேற்றப் பட்டை நகரவில்லையே என்று நடுவில் கொன்றீர்களானால் வட்டுச் சங்கிலி அறுந்து விஎம் போனது போனதுதான்.

வட்டு மெதுவாக இருந்தால் வரும் உறைவுக்கு ஓர் அடையாளம் உண்டு. சில விநாடி நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். லாக்கில் ஏஎச்சிஐ என்று தொடங்கி ரீசெட் என்று சொல்லும் வரிகள் இருந்தால், கெஸ்ட் கேட்ட எழுத்து வேலை உரிய நேரத்தில் முடியாமல் அது வட்டுக் கன்ட்ரோலரையே மீட்டமைத்திருக்கிறது. பழைய சுழலும் வட்டில், அதுவும் யுஎஸ்பி வழியாக, விஎம் வைத்தால் இது சகஜம். எஸ்எஸ்டிக்கு மாற்றுவதே மருந்து. அமைப்பில் உள்ள சாலிட்-ஸ்டேட் டிரைவ் டிக்கைப் போட்டு ஏமாற வேண்டாம், அது கெஸ்ட்டிடம் சொல்லும் ஒரு செய்தி மட்டும்தான். ஹோஸ்ட் ஐ/ஓ கேஷ் டிக்கைப் போட்டால் நிறுத்தங்கள் குறையலாம். ஆனால் எழுதியதாகக் கெஸ்ட் நம்பும் தரவு ஹோஸ்டின் ரேமில் தங்கியிருக்கும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கரன்ட் போனால் அதுவும் போகும். விடிஐ இருக்கும் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்கிவைப்பது ஆபத்து குறைந்த வழி.

திரை

கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் அமைப்பில் விண்டோஸ் கெஸ்ட்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ, லினக்ஸ் கெஸ்ட்டுக்கு விஎம்எஸ்விஜிஏ. மாற்றிப் போட்டால் கருப்புத் திரையும் அளவு மாறாத சன்னலும் வரலாம். வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். 3டி முடுக்கம் இந்த மென்பொருளின் பலவீனமான அங்கம் என்பது எங்கள் கருத்து. உறைவு வந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள். க்னோம் போன்ற கனமான டெஸ்க்டாப் 3டி இல்லாமல் சிபியுவில் படம் வரையும், இழுக்கும். அதனால் டெஸ்க்டாப்பையே லேசாக மாற்றுவது நல்லது. கெஸ்ட்டுக்குள் நிறுவும் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸின் பதிப்பு விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு உள்ளே பழைய அடிஷன்ஸை விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. கோப்பை இழுத்துப் போடும் வசதியைத் தவிர்த்து ஷேர்டு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

உறைந்ததை அணைப்பது

மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும். ஹோஸ்ட் கீயுடன் எச்: ஏசிபிஐ ஷட் டவுன், பவர் பட்டனைத் தட்டியதற்குச் சமம். இரண்டு நிமிடம் கொடுங்கள். கேட்கவில்லை என்றால் ஹோஸ்ட் கீயுடன் ஆர், ரீசெட். சன்னலே செயலற்றுப் போயிருந்தால் கமாண்ட் ப்ராம்ப்டில் விபாக்ஸ்மேனேஜ் கருவியின் கன்ட்ரோல்விஎம் கட்டளை, விஎம் பெயர், பவர்ஆஃப். அதற்கும் மசியாதபோதுதான் டாஸ்க் மேனேஜர். அங்கே விண்டோஸில் ஒரே விஎம்முக்கு இரண்டு மூன்று ப்ராசஸ்கள் தெரியும், பாதுகாப்பு ஏற்பாடு அது. ரேம் அதிகம் எடுத்திருப்பதை முடியுங்கள். விஎம் பட்டியலில் அபார்ட்டட் என்று காட்டும். மீண்டும் தொடங்கினால் கெஸ்ட் வட்டைச் சோதித்துக்கொண்டு எழும்.

உறைந்த விஎம்மை சேவ் ஸ்டேட் கொடுத்து மூடாதீர்கள். உறைவும் சேர்ந்தே சேமிக்கப்படும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே பிணம் எழுந்து வரும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் விஎம் பெயரில் வலது கிளிக் செய்து டிஸ்கார்ட் சேவ்ட் ஸ்டேட். சேமிக்காத வேலை போகும், வட்டில் உள்ளது பத்திரம்.

குரு மெடிடேஷன் என்ற பெட்டி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெயர் அமிகா கணினிக் காலத்து நகைச்சுவை. கெஸ்ட் மீள முடியாத பிழையில் விழுந்தது என்று பொருள், பவர் ஆஃப் தவிர வழியில்லை. ஆனால் அந்த நேரத்து லாக் தங்கம் மாதிரி. விஎம் ஃபோல்டருக்குள் லாக்ஸ் ஃபோல்டரில் இருக்கும். விஎம் பட்டியல் இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜர் சன்னலிலிருந்து கன்ட்ரோல்-எல் தட்டினாலும் திறக்கும். நடப்பு லாக்கும் அதற்கு முந்தைய மூன்றும்தான் தங்கும். அதனால் நான்கைந்து முறை மறுபடி மறுபடி தொடங்கிப் பார்த்தால் ஆதாரம் அழிந்துவிடும். முதலில் பிரதி எடுங்கள். அதில் தொடக்கத்திலேயே ஹோஸ்டின் மொத்த ரேம், அந்த நேரத்தில் காலியாக இருந்த ரேம் இரண்டும் எழுதியிருக்கும். நடுவில் டிஎம் என்று தொடங்கி, 60 விநாடிக்கு மேல் பின்தங்கியதால் காலத்தை எட்டிப்பிடிக்கும் முயற்சியைக் கைவிட்டதாகச் சொல்லும் வரி இருந்தால், ஒரு நிமிடத்துக்கு மேல் ஹோஸ்ட் இந்த விஎம்மைக் கவனிக்கவே இல்லை என்று அர்த்தம். லேப்டாப் தூங்கி எழுந்த பிறகும் இந்த வரி வரும், குழம்ப வேண்டாம். மூடியை மூடும் முன் விஎம்மை சேவ் ஸ்டேட் செய்வது நல்ல பழக்கம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் வீட்டுக்கு எங்கள் மதிப்பெண் 10க்கு 7. லாக்கும், வட்டு நிரம்பினால் நிறுத்திவைக்கும் பண்பும், கட்டளைக் கருவியும் முதல் தரம். ஆமையைப் பற்றிய மௌனம், 3டி, ஹோஸ்ட் கீ மூன்றும் இடறுகின்றன. 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, டாக்கர் தேவையில்லை என்றால் தயங்காமல் போடுங்கள். ஹைப்பர்-வியை அணைக்க முடியாதவர்கள் விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால் அதனுடனேயே வரும் ஹைப்பர்-வி மேனேஜரைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். ஹோம் பதிப்பில் அது கிடையாது. அவர்களுக்கு விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ இருக்கிறது, 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசம், பிராட்காம் தளத்தில் கணக்குத் தொடங்கித்தான் இறக்க முடியும் என்பது மட்டும் எரிச்சல். லினக்ஸ் ஹோஸ்ட் என்றால் கேவிஎம்மும் அதைச் சன்னலில் கையாளும் விர்ட்-மேனேஜரும். ஆப்பிளின் எம் சிப் மேக் வைத்திருப்பவர்கள் 7.1 முதல் விர்ச்சுவல்பாக்ஸ் போடலாம், ஆனால் அந்தச் சிப்பின் ஆர்ம் வகைக்கு எழுதிய கெஸ்ட்கள் மட்டுமே ஓடும். இன்டெல், ஏஎம்டி கணினியில் போட்ட பழைய விண்டோஸ் விடிஐயைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அது எழுந்திருக்காது.